நாடா ஆளும் மன்றம்

கேஸ் தெரு,
பிரிம்ஷா, லங்காஷயர்.
ஜூன், 1906

அன்பு மகன் ஜேபஸுக்கு,

அம்மா செலினா என்ட்விசில் அடுப்போரம் உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்தபடி சொல்லச் சொல்ல, உன் தங்கை கெஸ்ஸி எழுதுவது. இங்கே நான், உங்கப்பா, கெஸ்ஸி, பூனை எல்லோரும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், கடலுக்கு அந்தப் பக்கம் ஃபால் ரிவரில் நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்பி மேலே சொல்கிறேன், அப்படி இல்லையென்றால் இதைப் படித்து முடிப்பதற்குள் தேறிவிடு. எனக்கு எழுத்து கோழி கிளறினாற்போல் வரும் என்பது உனக்குத் தெரியும், அதனால்தான் இவளைப் பிடித்து உட்கார வைத்தேன், நான் சொன்னதை மட்டும் எழுதடி, சொந்தச் சரக்கைச் சேர்க்காதே என்று கண்டித்தும் வைத்திருக்கிறேன். (அண்ணா, அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் சொந்தச் சரக்கு. அம்மாவின் காது தறிச் சத்தத்துக்குக் காணிக்கையாகிப் பல வருஷம் ஆயிற்று, கிட்டத்து எழுத்துக்குப் போடும் கண்ணாடியையும் பூனை தட்டி உடைத்துவிட்டது. ஆகவே நான் ராணி.) நீ அனுப்பிய தொப்பி வந்து சேர்ந்தது, உங்கப்பாவுக்குக் காதுவரை இறங்குகிறது, அமெரிக்காவில் தலையெல்லாம் அவ்வளவு பெரிதா என்று கேட்கிறார்.

நம்முடைய கிராப்ட்ரீ முதலாளி லிபரல் கட்சியில் நின்று ஜெயித்து நாடாளுமன்றம் போன சேதியை அங்கே பேப்பரில் பார்த்தேன், உண்மையா என்று கேட்டிருந்தாய். ஜெயித்தது உண்மை, பேப்பரில் போட்டது பாதி. மீதிப் பாதி நம் வீட்டுக்குள்ளேயே நடந்தது, அதைச் சொல்லத்தான் இவ்வளவு காகிதம். (நெசவு முதலாளி போகிற இடம், அதனால் நாடா ஆளும் மன்றம் என்று பிரித்துப் படிக்கவும்.) முதலில் கெஸ்ஸி விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், அதிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது. இவள் இப்போது கிராப்ட்ரீ ஆலையில் தனியாக நாலு தறி பார்க்கிறாள். ஊடை நூலைச் சுமந்து தறியில் குறுக்கும் நெடுக்கும் ஓடுகிற நாடாவில் புது நூல் மாட்டுகிற ஒவ்வொரு தடவையும் அதன் ஓரத்துக் கண்ணில் வாயை வைத்து உறிஞ்சித்தான் நூலை வெளியே இழுக்க வேண்டும், முத்தம் கொடுப்பது என்று நாம் சொல்வோமே, அதில் மாற்றமில்லை. பஞ்சுத் தூசியும் எண்ணெயும் நமக்கு முன்னால் முத்தமிட்டவளின் எச்சிலும் சேர்ந்து வாய்க்குள் போகும். என் மேல்வரிசை முன்பற்கள் அந்த முத்தத்துக்குத்தான் பலி. இப்போது நான் சர்க்கரை என்று சொன்னால் முதலில் விசில் வருகிறது, பிறகுதான் சர்க்கரை வருகிறது. (நம் குடும்பப் பெயரின் கடைசியிலேயே விசில் இருக்கிறது. அம்மா கல்யாணத்தில் வாங்கினதை வாயிலேயே வைத்திருக்கிறாள்.) கிறிஸ்துமஸுக்கு முன்பு ஒருநாள் கெஸ்ஸி கொட்டாவி விட்டபோது பார்த்தேன், முன்பல் ஒன்றின் ஓரம் கறுத்திருந்தது. அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என் பல் போனது போகட்டும், இவள் வாயில் இருப்பதெல்லாம் இவளோடு சேர்ந்துதான் கிழடாக வேண்டும் என்று முடிவு செய்தேன். மலைக்கு அந்தப் பக்கத்து ஆலையில் கைநாடா வந்துவிட்டது, அதில் ஒரு பிளவு இருக்கும், நூலை விரலாலேயே கோத்துவிடலாம், வாய்க்கு வேலையில்லை. அதை கிராப்ட்ரீ நமக்கும் வாங்கிப் போட வேண்டும், போடாவிட்டால் உங்கப்பாவின் ஓட்டு அவருக்குக் கிடையாது. பொம்பளைக்கு ஓட்டு இல்லை என்று சட்டம் சொல்லட்டும், உங்கப்பாவுக்குச் சமைத்துப் போடுகிறவள் நான்.

ஒபதையா கிராப்ட்ரீயை நீ முதலாளியாகத்தான் பார்த்திருக்கிறாய், நான் மூக்கு ஒழுகப் பார்த்தவள். இதே கேஸ் தெருவில் ரொட்டிக்கடை மாடியில் பிறந்தவன், எட்டு வயதில் தறிக்கு அடியில் தவழ்ந்து பஞ்சு பெருக்கினான், பிறகு எனக்கு எதிர்த் தறியில் நெசவுக்கு வந்தான். அந்த இரைச்சலில் யார் காதில் யார் பேச்சு விழும், எல்லோரையும் போல நாங்களும் வாய்ஜாடையில்தான் பேசுவோம், சத்தமே இல்லாமல் உதட்டை மட்டும் நன்றாக நெளித்து வளைத்து. வாய்ஜாடையில் அவனை மிஞ்ச ஆளில்லை, ஷெட்டின் அந்தக் கோடியில் நின்று அவன் ஒரு நகைச்சுவை சொன்னால் இந்தக் கோடியில் நாங்கள் சிரிப்போம், நடுவில் மேஸ்திரி முழிப்பார். அவன் மேலே போன கதை உனக்குத் தெரியும், கழிவுப் பஞ்சு வாங்கி விற்றான், கொஞ்சம் தறியை வாடகைக்கு எடுத்தான், ஒரு ஷெட் கட்டினான், பக்கத்திலேயே இன்னொன்று கட்டினான், சேப்பலுக்கு ஆர்கன் வாங்கிக் கொடுத்தான், மீசை வளர்த்தான். மீசை வளர்ந்த அன்றிலிருந்து அவன் அவர் ஆகிவிட்டார். அது மீசையா, அடுப்புத் துடைக்கிற பிரஷ் மாதிரி இரண்டு உதட்டையும் மூடித் தாடைவரை தொங்கியது. நம் ஊரில் உதட்டை மூடிக்கொண்டவன் கதவைச் சாத்திக்கொண்ட மாதிரிதானே. அவர் ஷெட்டுக்குள் வந்து ஏதோ சொல்வார், மீசை ஆடும், என்ன சொன்னார் என்று ஒருத்திக்கும் புரியாது. கைநாடா கேட்டோம், மீசை ஆடியது. ஆமாம் என்று ஆடியதா இல்லை என்று ஆடியதா, அது அவருக்கும் கடவுளுக்கும்தான் வெளிச்சம்.

எலெக்ஷன் வந்ததும் வீடு வீடாக வந்தார், கூடவே அவருடைய ஏஜெண்ட் லோமாக்ஸ், ஒல்லியாக, நனைந்த குடை மாதிரி. நம் வாசலில் நின்று, என்னை யாரென்று பாராமலே, அம்மா, வீட்டுக்காரர் ஓட்டை எனக்கே தரணும் என்று என் காதுக்கு எட்டக் கத்தினார். நான் கைநாடா பேச்சை எடுப்பதற்குள் கெஸ்ஸி முந்திக்கொண்டு, தாராளமா எடுத்துக்கங்க முதலாளி, கூரையில ஒரு ஓட்டை, சமையலறைத் தரையில ஒரு ஓட்டை, எங்கப்பா காலுறையில எண்ணவே முடியாது, இது உங்க வீடுதானே, வாடகை வேற குடுக்கறோம் என்றாள். அந்த நேரம் பார்த்துக் கூரையிலிருந்து ஒரு சொட்டு அவர் தொப்பியில் விழுந்தது. லோமாக்ஸ் தொண்டையைக் கனைத்து, எங்கள் முதலாளி வாக்குத் தவறாதவர் என்றார். வாக்குக் குடுத்தாத்தானே தவறுறதுக்கு, இவரு வாக்குக் கேக்கறதோட சரி என்று இவள் அதற்கும் பதில் சொன்னாள். (அம்மா அப்போது என் முதுகில் கிள்ளினாள். பிறகு கூரைக்கு ஆள் வந்ததைப் பற்றி மட்டும் பேசமாட்டாள்.)

அடுத்த வாரம் படம் பிடிக்கிற ஆளோடு ஷெட்டுக்கே வந்துவிட்டார். நானும் உங்களில் ஒருவன் என்று காட்டிப் பேப்பரில் போட வேண்டுமாம். கெஸ்ஸியின் தறிப் பக்கம் அவர் வந்தபோது இவள் நாடாவை நீட்டி, எங்கள்ல ஒருத்தர்னா ஒரு முத்தம் குடுத்துக் காட்டுங்க முதலாளி, கைக்குழந்தைக்கெல்லாம் குடுக்கறீங்களாமே, இது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு என்று வாய்ஜாடை காட்டிவிட்டுக் காதிலும் கத்தினாள். சுற்றி இருந்த பெண்கள் எல்லோரும் கை தட்டினார்கள், அவருக்கும் பழைய ஞாபகம் பொங்கியிருக்க வேண்டும், நாடாவை வாயில் வைத்து ஒரு உறிஞ்சு உறிஞ்சினார் பார், நூல் வெளியே வந்தது, மீசை உள்ளே போயிற்று. எடுக்கப் பார்த்தார், வரவில்லை. கையை எடுத்தார், நாடா மீசையிலேயே தொங்கியது. அவர் பூம்பூம் மாடு மாதிரி தலையை ஆட்ட, நாடா இந்தக் கன்னத்தில் ஒன்றும் அந்தக் கன்னத்தில் ஒன்றும் வைத்தது. மீசை எப்படி அவ்வளவு கெட்டியாக ஒட்டிக்கொண்டது என்று இன்றுவரை யாருக்கும் விளங்கவில்லை. (பாவு நூலுக்குப் போடுகிற கஞ்சியை நாடாக் கண்ணைச் சுற்றித் தாராளமாகப் பூசினால் விளங்கும். லிபரல் என்றால் தாராளம், தாராளக் கட்சிக்குத் தாராளம்.)

தறி மேஸ்திரியைக் கூப்பிடு என்று சத்தம் போட்டார்கள், அந்த ஷெட்டுக்கு மேஸ்திரி யார், உங்கப்பா. தறியில் எது சிக்கினாலும் விடுவிக்கிறவர், முதலாளி சிக்கினால் விட்டுவிடுவாரா. கத்தரியை எடுத்து இடது பக்கம் ஒரு வெட்டு வெட்டினார், நாடா விழுந்தது. அதோடு விட்டிருந்தால் அவர் உங்கப்பா இல்லையே. தள்ளி நின்று தலையைச் சாய்த்துப் பார்த்து, முதலாளி, வலது பக்கம் நீளமா நிக்குது, கோணலா இருக்கு, பொறுங்க என்று வலதை வெட்டினார், இப்போது இடது நீளம், இடதை வெட்டினார், வலது நீளம். இப்படியே துணி ஓரம் சரி பார்க்கிற மாதிரி பார்த்துப் பார்த்து வெட்டி, கடைசியில் இரண்டு பக்கமும் ஒரே அளவாகிவிட்டது, ஒன்றுமே இல்லாத அளவு. இப்பத்தான் முதலாளி லெவலுக்கு வந்திருக்கு என்று கத்தரியைத் துடைத்து வைத்தார். (கிராப்ட்ரீக்கு கிராப் வெட்டியவர் என்று அப்பாவை இப்போது ஊரே கும்பிடுகிறது.) அன்றைக்கு அவர் வீட்டு நாயே அவரை உள்ளே விடவில்லையாம், பின்வாசலால் போனாராம். நான் பார்த்தது வேறு. அடுப்புப் பிரஷுக்குப் பின்னாலிருந்து பழைய வாய் ஒன்று வெளியே வந்திருந்தது, ரொட்டிக்கடை மாடி ஒபேயின் வாய். அந்த நிமிஷமே அவர் எனக்குத் திரும்ப அவன் ஆகிவிட்டான்.

கூட்டுறவுக் கூடத்தில் பெரிய கூட்டம் வைத்தார்கள், ஆண்கள் கீழே, நாங்கள் மேலே மாடத்தில். மான்செஸ்டரிலிருந்து பெரிய மனுஷர்கள் வந்து மேடையில் உட்கார்ந்திருந்தார்கள். எதிர்க்கட்சி டோரிக்காரர்கள் சும்மா இருப்பார்களா, பித்தளை வாத்தியக் கோஷ்டி ஒன்றைக் கூட்டி வந்து சன்னலடியில் நிறுத்தி, ஒபே வாயைத் திறந்ததும் ஊத ஆரம்பித்துவிட்டார்கள். டிரம்மை அடித்தவன் பழைய பகையைத் தீர்த்துக்கொள்வது போல் அடித்தான். மேடையில் இருந்தவர்கள் ஒன்றும் கேட்காமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், எங்களுக்கோ ஒரு சொல் தப்பவில்லை. தறிச் சத்தத்துக்கு முன்னால் இந்த டிரம் எம்மாத்திரம், ரொட்டிக்கு வரி கூடாது என்றான், பெரிய ரொட்டி வேண்டும் என்றான், சரியான இடத்தில் சரியாகக் கை தட்டினோம், மான்செஸ்டர் மனுஷர்கள் பேய் பார்த்தது போல் மாடத்தைப் பார்த்தார்கள். பேச்சு முடிகிற நேரத்தில் லோமாக்ஸ் அவன் காதுப் பக்கம் குனிந்து, கைநாடாவைப் பத்திக் கேட்டா என்ன சொல்லட்டும் என்றார். அதற்கு ஒபே, கேக்கறது நியாயம்தான்யா, வாங்கிப் போட்டுடலாம்னுதான் இருக்கேன், ஆனா இப்பவே சொன்னா மத்த முதலாளிங்க என்னை நார்நாராக் கிழிச்சுடுவாங்க, அதனால இன்னைக்கு வாயே திறக்க மாட்டேன் என்றான். வாயே திறக்க மாட்டேன் என்பதை வாயை நன்றாகத் திறந்து, மீசை இல்லாத மேலுதட்டோடு, விளக்கு வெளிச்சத்தில் சொன்னான் ஜேபஸ். மாடம் இடிந்து விழாதது ஆண்டவன் செயல். கட்டைச் செருப்புகளால் தரையை மிதித்து நாங்கள் போட்ட கூச்சலில் வாத்தியக்காரர்கள் பயந்து ஊதுவதை நிறுத்திவிட்டார்கள்.

என்ன ஆச்சு, ஏன் கத்துகிறார்கள் என்று அவன் மிரண்டு மேலே பார்த்தான். நான் எழுந்து நின்று, சத்தமில்லாமல், பழைய மாதிரி உதட்டை நெளித்து, ஒபே, வாக்குக் குடுத்துட்ட என்றேன். அவனும் சத்தமில்லாமல், செலீ, நீ இன்னும் என் ஆலையிலயா இருக்க என்றான். இருக்கேன், பல்லுதான் இல்ல, என் பொண்ணுக்காவது மிஞ்சணும் என்றேன். என் வாயை உற்றுப் பார்த்தான், முகம் ஒரு மாதிரி ஆயிற்று, சரி, வாங்கித் தர்றேன் என்றான். அத்தோடு உட்கார்ந்திருக்கலாம். மறுபடி உதட்டைத் திறந்து, அன்னைக்கு ஆத்தங்கரைக்கு வரச் சொன்னேனே, ஏன் வரல என்று கேட்டுவிட்டான். நாங்கள் இரண்டு பேர் மட்டும் பேசுவதாக நினைத்துவிட்டான் போல, வாய்ஜாடை படிக்கத் தெரியாதவர்கள் அந்தக் கூடத்தில் மேடையில் மட்டும்தான் இருந்தார்கள் என்பதை மறந்தே போனான். மாடத்தில் அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது, கீழே ஆண்கள் அத்தனை பேரும் உங்கப்பா பக்கம் திரும்பினார்கள். எனக்கு முகமெல்லாம் கொதித்தது, இருந்தாலும் அன்றைக்கு எதிர்த் தறியிலிருந்து என்ன பதில் சொன்னேனோ அதையே சொன்னேன், தறியைப் பாரு ஒபே, நூல் அறுந்து கிடக்கு. (நூல் விட்டுப் பார்த்தவருக்கு அம்மா நூல் அறுந்த கதை சொல்லியிருக்கிறாள்! கூட்டம் அதற்குப் போட்ட சத்தம் ரொட்டிப் பேச்சுக்குக்கூடப் போடவில்லை.)

அதோடு வந்தது வினை. உங்கப்பா அன்றிரவே, அந்தாளுக்கா என் ஓட்டு, டோரிக்குத்தான் போடுவேன், அவங்க பீராவது தர்றாங்க, இவன் டீயும் குடுத்து என் பொண்டாட்டியை ஆத்தங்கரைக்கும் கூப்பிடறான் என்று தறிகெட்டுக் குதித்தார். இத்தனை வருஷத்துக்கு முன்னால கூப்பிட்டதுக்கு இப்பக் கோவப்படற ஆளை இப்பத்தான் பார்க்கறேன் என்றேன், பலிக்கவில்லை. அடுப்பில் சுடுகிற உருளைக்கிழங்குப் பை என்றால் உங்கப்பாவுக்கு உயிர், அதைச் செய்யமாட்டேன் என்றேன், ஆட்டுக்குடலும் வெங்காயமும் கடையில் வாங்கித் தின்றார். ஒபே ஜெயிப்பதே இழுபறி என்று ஊர் பேசிக்கொண்டிருந்தது, ஒரு ஓட்டும் சும்மா இல்லை. கடைசியில் ஓட்டு நாள் சாயங்காலம் கெஸ்ஸியை விளக்குப் பக்கம் இழுத்து நிறுத்தி, ஆ காட்டடி என்றேன். உங்கப்பா குனிந்து அந்தக் கறுப்பைப் பார்த்தார், தறியில் என்ன பழுது என்று பார்ப்பாரே அதே பார்வை. தொப்பியை எடுத்துக்கொண்டு ஓட்டுச் சாவடிக்குப் போனார். திரும்பி வரும்போது பீர் வாசனை தெருமுனையிலேயே வந்தது, யாருக்குப் போட்டீங்க என்றேன், ரகசியம்னா ரகசியம், அதுக்குத்தான் மறைப்பு வச்சுருக்கான் என்றார். ஆனால் உங்கப்பாவுக்கு நினைக்கும்போதே உதடு அசையும், அது அவருக்கே தெரியாது. பீரு டோரிக்கு, பல்லு லிபரலுக்கு என்று உதடு சொன்னதைப் பார்த்துவிட்டுப் பை வேக வைத்தேன்.

ஜெயித்து லண்டன் போனவன் போனவன்தான். கைநாடா வரவில்லை. ஈஸ்டருக்கு ஊர் வந்தபோது ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்தான், மேலுதட்டில் பல் தேய்க்கிற பிரஷ் அளவுக்கு மீசை திரும்ப முளைத்திருந்தது. கதவு மறுபடி மூடப்போகிறது என்று அன்றிரவே கெஸ்ஸியிடம் சொன்னேன். மறுநாளும் அவன் வருவதாக உங்கப்பா வழியாகத் தெரிந்ததும், இவள் எல்லாத் தறிக்கும் ஓடி ஓடி வாய்ஜாடையில் ஏதோ சொன்னாள். அவன் உள்ளே வந்தபோது ஷெட் முழுக்க அத்தனை பெண்களும் கழிவுப் பஞ்சை உருட்டி மேலுதட்டில் கஞ்சியால் ஒட்டிக்கொண்டு, ஆளுக்கொரு வெள்ளை மீசையோடு நின்றோம், சேப்பல் பாதிரியாரின் மனைவியின் தங்கை உள்பட. ஒருத்தியும் வாயை அசைக்கவில்லை. அவன் ஒரு வரிசை நடந்தான், இரண்டாவது வரிசையில் திரும்பினான், எங்கே பார்த்தாலும் மீசை. என் முன்னால் வந்து நின்றான், நானும் முறுக்கிவிட்டேன். தன் மேலுதட்டை விரலால் மூடிக்கொண்டு சிரித்தான், பிறகு விரலை எடுத்துவிட்டு, போதும் தாயே, எடுங்க, கைநாடாவுக்குச் சொல்லி அனுப்பியாச்சு என்று உதட்டால் சொன்னான். (மீசையை எடுத்தபோது எல்லோருக்கும் உதடு சிவந்து, ஷெட்டே முத்தம் வாங்கினது போல் இருந்தது.)

ஈஸ்டர் போய் விட்சன் பண்டிகையும் முடிந்து கைநாடாப் பெட்டி வந்தது. பக்கத்துத் தறி டோர்க்கஸ், உறிஞ்சுனா சட்டுனு முடியும், விரலால கோத்தா நேரமாகுது, கூலி குறையும் என்று முணுமுணுத்தாள், பொய்ப்பல் என்ன விலைன்னு விசாரிச்சியா டோர்க்கஸ் என்றேன். கெஸ்ஸிக்குத்தான் முதல் நாடாவைக் கொடுக்கச் சொன்னேன். இரண்டாவது எனக்கு வந்தது. நூலை விரலால் அழகாகக் கோத்தேன், கோத்து முடித்ததும் கை தானாக எழுந்து நாடாவை வாய்க்குக் கொண்டுபோய் ஒரு முத்தம் கொடுத்துவிட்டது. பழக்கம்டா ராசா, போகாது. இவள் பார்த்துவிட்டாள், சிரித்த சிரிப்பில் பல் அத்தனையும் தெரிந்தது, அதை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துவிட்டுத் தறியை ஓட்டினேன்.

அங்கே உன் ஆலையில் இன்னும் முத்த நாடாதான் என்று எழுதியிருந்தாய். வாயைத் தினமும் உப்புப் போட்டுக் கொப்பளி, முதலாளிக்கு மீசை இருந்தால் எழுது, உங்கப்பாவுக்கு அமெரிக்கா பார்க்க ஆசை இருக்கிறது. குளிர்காலத்துக்குள் பனியன் வாங்கு. அந்த நூற்பு ஷெட்டுப் பெண்ணைப் பற்றி இரண்டு வரி எழுதிவிட்டு நிறுத்திவிட்டாய், மிச்சத்தை எழுது. (முத்தத்தை யாருக்குக் கொடுத்தாலும் நாடாவுக்குக் கொடுக்காதே.) ஆண்டவர் உன் தலைமேல் கை வைத்துக் காக்கட்டும், உன் உழைப்பு கெட்டியாக நிற்கட்டும், நீ நெய்கிற பாவில் ஒரு இழை அறாமல் இருக்கட்டும். கையெழுத்தை மட்டும் நானே போடுகிறேன், பேனாவைக் கொடுடி.

இப்படிக்கு,
என்றும் உன் நினைவில்,
அம்மா செலினா என்ட்விசில்

ஜேபஸ், இது என் கை, கோழி எழுத்துத்தான். கெஸ்ஸி அவள் அப்பாவுக்குப் பிறந்தவள், எழுதும்போது உதடு அசைகிறது. அடைப்புக்குறி எல்லாம் அடுப்போரத்திலிருந்தே அவள் உதட்டில் படித்துவிட்டேன். நாடாவில் கஞ்சி பூசியதையும். அவளுக்கு இன்று பையோடு ஒரு பெரிய துண்டு பாகு மிட்டாய் எடுத்து வைத்திருக்கிறேன், கல் மாதிரி இருக்கிறது. பல் இருக்கிறவள், கடிக்கட்டும்.